சுவரில் நின்ற எழுத்தும் நாவில் நின்ற சொல்லும்

ஸஹீஹ் முஸ்லிமுக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வரைந்த விரிவுரையை ஓதியோர் எவருக்கும் 'அல்-மாஸரீ' என்னும் பெயர் புதிதாக இராது. பாடத்துக்குப் பாடம் அப்பெயர் வந்து நிற்கும். இவ்விடத்தில் மாஸரீ அவர்களின் கருத்து இன்னது என்று உஸ்தாத் ஓதிக் காட்டுவார்; மாணவர் கிதாபின் ஓரத்தில் குறித்துக்கொள்வர். ஆனால் அப்பெயருக்குரிய ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் ஓதுபள்ளிகளில் அரிது. அவ்வூர் ஐரோப்பாவில் இருக்கிறது. இத்தாலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சிசிலித் தீவின் மேற்குக் கரையில், இன்றும் மாஸாரா என்ற பெயரோடே விளங்கும் துறைமுகப் பட்டினம் அது. நம் கிதாபுகள் ஸிகில்லிய்யா என்றழைக்கும் தீவு இதுவே.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நேரில் பாடம் கேட்ட கைரவான் நகரத்துக் காழி அஸது இப்னுல் ஃபுராத் அவர்கள், கி.பி. 827-இல் படையோடு கரையிறங்கியது இம்மாஸாராவில்தான். நான்காண்டுகள் கழித்து, 831-இல், பலெர்மோ நகரம் முஸ்லிம்கள் வசமாயிற்று. 1072-இல் நார்மன்கள் அதனைக் கைப்பற்றும்வரை ஏறத்தாழ 240 ஆண்டுகள் அங்கே பாங்கொலி ஆட்சியின் ஒலியாக இருந்தது. அதன் பின்னும் நூறாண்டுக்கு மேல் அது குடிமக்களின் ஒலியாக இருந்தது. பின்னர் ஓய்ந்தது. எப்படி ஓய்ந்தது என்பதை நூல்களில் படித்திருந்தோம். ஓய்ந்த இடத்தையும் ஒருமுறை கண்ணால் காண வேண்டுமென்ற அவா நெடுநாளாக நம்முள் இருந்தது.

இத்தாலியின் வடக்கே மிலான் நகரில் நம் சகோதரியின் மகன் பணிபுரிகிறார். 2023-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இல்லத்தில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பலெர்மோவுக்குச் சென்று வர விரும்புவதைச் சொன்னோம். "விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம்தான் மாமா. இரயிலில் போனால் ஓர் இரவும் பாதிப் பகலும் ஆகும்" என்றார். ஆயினும் இரயிலையே தேர்ந்தோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. இரவை இரயிலில் கழித்தால் ஓரிரவுப் படுக்கைக் கூலி மிஞ்சும். ஆசிரியர் தொழில் செய்வோரின் கணக்கு இப்படித்தான் ஓடும். மற்றொன்று, மெஸ்ஸினா நீரிணையைக் கடல்வழியே கடக்க வேண்டுமென்பது.

சிசிலிக்குப் பாலம் இல்லை. இத்தாலிய நிலத்தின் விளிம்பை அடைந்ததும் இரயில் பெட்டிகளைத் தனித்தனியே பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தோடு ஏற்றுகின்றனர். பயணிகள் மேல்தளத்துக்குச் சென்று கடலைப் பார்க்கலாம். நாமும் சென்று நின்றோம். இந்த நீரிணையில்தான் 1184 டிசம்பரில், ஹிஜ்ரி 580 ரமளானில், ஹஜ்ஜை முடித்துத் தாயகம் திரும்பிக்கொண்டிருந்த அந்தலூஸ் அறிஞர் இப்னு ஜுபைர் அவர்களின் கப்பல் உடைந்தது. கரை சேர்க்கப் படகோட்டிகள் கூலி கேட்டனர். ஏழை ஹாஜிகளிடம் கொடுக்கக் காசில்லை. அப்போது மெஸ்ஸினாவில் இருந்த கிறித்தவ மன்னர் இரண்டாம் வில்லியம், அவர்களுக்கான கூலியைத் தம் பணத்திலிருந்து கொடுக்கச் செய்தார் என்று இப்னு ஜுபைர் தம் பயணநூலில் நன்றியோடு குறிக்கிறார். மன்னர் அரபி எழுதவும் படிக்கவும் வல்லவர் என்றும் எழுதுகிறார். பிறர் செய்த நன்மையை மறைக்காத பேனா அது. அதே பேனா பின்னர் எழுதியவற்றை உரிய இடத்தில் கூறுவோம்.

பலெர்மோவில் நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் இடம் பிடித்தோம். ஓர் அறையில் ஆறு கட்டில்கள். ஒரு கட்டிலுக்கு ஓரிரவுக் கூலி 20 யூரோவுக்குச் சற்று மேல். உடன் தங்கியோர் யாவரும் முதுகில் மூட்டை சுமந்து நாடு சுற்றும் இளைஞர்கள். நம் தாடியையும் தொப்பியையும் கண்டு முதலில் திகைத்தனர். பிறகு ஏணி ஏற வேண்டாத கீழ்க்கட்டிலை நமக்கென ஒழித்துக் கொடுத்தனர். அதிகாலையில் உளூச் செய்ய எழுந்தால் விளக்கைப் போடாமல் இருட்டிலேயே நடப்போம். அவர்கள் உறக்கம் கெடாதிருக்க அது நாம் செய்த கைம்மாறு.

உணவுக்கு என்ன செய்தீர் என்று வாசகர்கள், குறிப்பாக வீட்டுப் பெண்கள், கேட்பார்கள். இறைச்சியை விட்டுவிட்டால் அவ்வூரில் நமக்கு ஆகுமான பண்டம் ஏராளம். கடலை மாவைக் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தெடுக்கும் பனெல்லே என்றொரு பலகாரம் தெருத்தெருவாய் விற்கிறார்கள். அதனை எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள். நம் பஜ்ஜிக்கு அது தூரத்து உறவு. இரண்டு மூன்று யூரோவில் ஒருவேளை வயிறு நிறையும். ஒலிவக்காய், கிச்சிலிப் பழம், தக்காளி ஆகியவற்றைச் சந்தையில் வாங்கி இராவுணவை முடித்துக்கொண்டோம். போக்குவரத்துக்குக் கால்களே போதுமாயின. பழைய நகரத்தின் நடுத்தெரு நேராகக் கடல்வரை ஓடுகிறது. வரைபடத்தில் அதற்கு ஓர் அரசரின் பெயர். மக்கள் வாயிலோ இன்றும் கஸ்ஸாரோ. கோட்டை என்று பொருள்படும் 'அல்-கஸ்ர்' என்ற சொல் ஆயிரம் ஆண்டு தேய்ந்து நிற்கும் வடிவம் அது. கடலோரப் பகுதியின் பெயர் கல்ஸா. ஃபாத்திமிய்யாக்களின் ஆளுநர் பத்தாம் நூற்றாண்டில் கட்டிய 'அல்-காலிஸா' என்னும் அரச நகரின் பெயர் அது.

அத்தெருவிலேயே பேராலயம் இருக்கிறது. 831-க்கு முன் அவ்விடம் தேவாலயமாக இருந்தது. முஸ்லிம்கள் அதனை ஜும்ஆப் பள்ளியாக்கினர். 1072-க்குப் பின் அது மீண்டும் தேவாலயமாயிற்று. இன்று நிற்கும் கட்டடத்தை 1180-களில் எழுப்பத் தொடங்கினர். அதன் தென்வாயில் முகப்பில் இடப்புறத் தூணில் அரபி எழுத்து வரிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அருகே சென்று நிற்கக் கட்டணம் இல்லை. அண்ணாந்து எழுத்துக் கூட்டினோம். அல்-அஃராஃப் அத்தியாயத்தின் 54-ஆம் வசனம். இரவால் பகலை மூடுபவனும் சூரியனையும் சந்திரனையும் தன் கட்டளைக்கு உட்படுத்தியவனுமான இறைவனின் வல்லமையைக் கூறுவது. மணமகன் வீட்டார் ஒரு கூட்டமாக அத்தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அதில் எழுதியிருப்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, அத்தூணைச் சுத்தமாகவும் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை வாழ்த்தினோம்.

அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்தைக் காண நுழைவுக் கட்டணம் ஓரிரவுப் படுக்கைக் கூலிக்கு ஏறக்குறைய நிகர். ஒருவேளை யோசித்துவிட்டுச் சீட்டு வாங்கினோம். கொடுத்த காசு வீண் போகவில்லை. நார்மன் மன்னர் இரண்டாம் ரோஜர் கட்டி 1140-இல் நேர்ந்தளித்த ஆலயம் அது. சுவரெங்கும் பொற்சில்லுப் பதித்த கிரேக்கப் பாணி ஓவியங்கள். எழுத்துகள் கிரேக்கமும் இலத்தீனும். கூரையோ மரத்தாலானது, முகர்னஸ் என்னும் தேன்கூட்டு வேலைப்பாடும் நட்சத்திரக் கட்டங்களும் நிறைந்தது. அக்கட்டங்களின் ஓரங்களில் கூஃபி எழுத்தில் வாழ்த்துச் சொற்கள் ஓடுகின்றன. கழுத்து வலிக்கப் பார்த்து பரகத், நஸ்ர், ஆஃபியத் என்று சிலவற்றைப் படித்தோம். கிறித்தவ மன்னர் ஒருவர், தாம் தொழும் இடத்தின் கூரையை முஸ்லிம் கலைஞர்களின் கைவண்ணத்துக்கு விட்டிருக்கிறார்.

ரோஜரின் அரபிப் பற்று அக்கூரையோடு நிற்கவில்லை. புவியியல் பேரறிஞர் அல்-இத்ரீஸீயை அவர் தம் அவையில் இருத்தி ஆதரித்தார். 1154-இல் நிறைவுற்ற 'நுஸ்ஹத்துல் முஷ்தாக்' என்னும் அப்பெருநூல் 'ரோஜரின் கிதாபு' என்றே வழங்கப் பெறுகிறது. ஹிஜ்ரி 528 என்று அரபியில் ஆண்டு பொறித்த அவரது பட்டுப் போர்வை இப்போது வியன்னாவில் இருக்கிறது. அரண்மனையில் நீர்க்கடிகாரம் ஒன்றை அமைத்தபோது அதற்கான கல்வெட்டை இலத்தீன், கிரேக்கம், அரபி ஆகிய மும்மொழியிலும் வெட்டச் செய்தார். அக்கல் இன்னும் இருக்கிறது. அதன் அரபிப் பகுதியில் உள்ள ஆண்டு ஹிஜ்ரி 536.

அந்த எண்ணைப் படித்ததும் அவ்விடத்தை விட்டு நகர இயலாமல் நின்றோம். இமாம் மாஸரீ (ரஹ்) அவர்கள் மறைந்த ஆண்டும் ஹிஜ்ரி 536-தான். அவர்கள் மறைந்தது சிசிலியில் அன்று. கடலுக்கு அப்பால், இன்றைய துனீசியாவின் மஹ்திய்யா நகரில். முனஸ்தீரில் அடக்கமாகியிருக்கிறார்கள். சிசிலியின் அரண்மனைச் சுவரில் அரபி எழுத்தைப் பொன்போல் போற்றிப் பதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், சிசிலியின் பெயரைத் தாங்கிய பேராசான் அயற்கரையில் கண்மூடினார். எழுத்து அரண்மனையில் இருந்தது. எழுத்தைக் கற்பிப்போர் கப்பலேறிக்கொண்டிருந்தனர். அந்நகரின் முழு வரலாறும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது.

ஏனெனில் அந்நகரம் ஒரு காலத்தில் ஓதிக்கொடுப்போரின் நகரமாக இருந்தது. 973-இல் அங்கு வந்த இப்னு ஹவ்கல் என்ற பயணி, நகரில் முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கண்டதாக எழுதுகிறார். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆசிரியர்களும் முந்நூறுக்கு மேல் என்கிறார். அவ்வாசிரியர்களை அவர் மதித்தாரில்லை. போருக்குப் போகும் கடமையிலிருந்து தப்பவே இத்தனை பேர் ஆசிரியரானார்கள் என்றும், அறிவு குன்றியவர்கள் என்றும் எள்ளி நகையாடுகிறார். முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்து வரும் நமக்கு அப்பகுதி எப்போதும் சற்றுச் சுருக்கென்று தைக்கும். ஆனால் இருநூறு ஆண்டுகள் கழித்து இப்னு ஜுபைர் வருகிறார். ஆட்சி போய்விட்டது, அமீர்கள் போய்விட்டார்கள், ஜும்ஆவில் குத்பா ஓதத் தடையும் வந்துவிட்டது. அப்போதும் பலெர்மோவில் எண்ணற்ற பள்ளிவாசல்கள் இருந்தன என்றும், அவற்றில் பெரும்பாலானவை குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியர்களின் பாடசாலைகளாக விளங்கின என்றும் எழுதுகிறார். போர்வீரர்கள் காக்காத ஒன்றை, நகைப்புக்குள்ளான அந்த ஆசிரியர்களின் வழிவந்தோர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

எனினும் அவர் கண்டது இன்பக் காட்சி மட்டுமன்று. அரண்மனையில் அரபி செழித்த அதே காலத்தில் தெருவில் முஸ்லிம் குடும்பங்கள் அஞ்சி வாழ்ந்தன. சிசிலி முஸ்லிம்களின் தலைவராக இருந்த அபுல் காசிம் இப்னு ஹம்மூத் அவர்களை இப்னு ஜுபைர் திராப்பனி நகரில் சந்திக்கிறார். பெருஞ்செல்வர், மன்னரின் சினத்துக்கு ஆளாகிச் சொத்திழந்தவர். தாமும் தம் குடும்பமும் அடிமைகளாக விற்கப்பட்டால்கூட நலமே, அவ்வழியாகவேனும் இந்நிலையிலிருந்து விடுபட்டு முஸ்லிம் நாட்டுக்குப் போய்ச் சேரலாமே என்று அவர் ஏங்கினாராம். அவ்வூரின் மற்றொரு பெரியவர், ஹாஜிகளுள் ஒருவரிடம் தம் மகனை அனுப்பி, தம் கன்னி மகளை மணந்தோ தக்கவருக்கு மணமுடித்தோ அழைத்துச் செல்லுமாறு வேண்டினாராம். அப்பெண்ணும் அதற்கு இசைந்திருக்கிறாள். பெற்ற மகளை இனிக் காணவே முடியாது என்று தெரிந்தும், அவள் ஈமானோடு வாழ்ந்தால் போதுமென்று வழியனுப்பத் துணிந்த அத்தந்தையின் மனத்தைப் பெண்மக்களைப் பெற்ற வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

1189-இல் இரண்டாம் வில்லியம் இறந்தார். பலெர்மோவில் முஸ்லிம்கள்மீது தாக்குதல் மூண்டது; தப்பியோர் மலைகளுக்கு ஓடினர். பின்னர் வந்த பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கும் அரபி அறிந்தவர், அறிஞர்களை ஆதரித்தவர், முஸ்லிம் மன்னர்களோடு கடிதத் தொடர்பு கொண்டவர். அவர்தான் 1220-களில் தொடங்கி 1240-கள் வரை சிசிலி முஸ்லிம்களைக் கூட்டங்கூட்டமாகப் பெயர்த்து, இத்தாலிய நிலப்பகுதியில் லூச்செரா என்ற ஊருக்குக் குடியேற்றினார். 1300-இல் அவ்வூரும் கலைக்கப்பட்டது. மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டனர். மன்னருக்கு ஒரு மொழியின்மீது உள்ள விருப்பம் வேறு, அம்மொழியைப் பேசும் மக்களின் பாதுகாப்பு வேறு என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாக உரைக்கும் வரலாறு நாம் அறிந்தவரை இல்லை.

மூன்றாம் நாள் ஸீஸா மாளிகைக்கு நடந்தோம். 'அல்-அஸீஸா' என்ற பெயரின் சிதைவு அது. 1165 வாக்கில் நார்மன் மன்னர் கட்டத் தொடங்கிய கோடைகால மாளிகை. நடுக்கூடத்தில் சுவரிலிருந்து நீர் வழிந்து பளிங்கு வாய்க்காலில் ஓடி வெப்பம் தணிக்கும் அமைப்பு. இப்போது அது அருங்காட்சியகம். நாம் காணச் சென்றது ஒரு கல்லறைக் கல்லை. ரோஜர் மன்னரின் அவையில் பணிபுரிந்த கிரிஸாந்துஸ் என்ற பாதிரியார், தம் தாய் அன்னாவுக்காக 1149-இல் வைத்த கல் அது. நடுவே சிலுவை, நாற்புறமும் நான்கு எழுத்துகள். இடப்புறம் இலத்தீன், வலப்புறம் கிரேக்கம், கீழே அரபி. மேலே உள்ளது எபிரேய எழுத்து. ஆனால் மொழி எபிரேயம் அன்று. யூதர்கள் பேசிய அரபியை அவர்கள் தங்கள் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் அவரவர் சமூகத்தின் ஆண்டுக் கணக்கே இருக்கிறது. அரபிப் பகுதியில் ஹிஜ்ரி 543.

பிறருக்கு அக்கல் ஓர் அதிசயமாகத் தோன்றலாம். நமக்கோ வீட்டு நினைவு வந்தது. ஒரு சமூகம் ஊரின் மொழியைப் பேசி, வேதத்தின் எழுத்தில் அதனை எழுதுவது நாம் அறியாத வழக்கா? தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் அதுவே அன்றோ! அரபியில் இல்லாத ட, ங, ஞ, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்காக நம் முன்னோர் எழுத்துகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டி, தமிழை முழுமையாக எழுதிக் காட்டினார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'மகானி' அவ்வெழுத்தில்தான் வீடுவீடாகச் சென்றது. தமிழ் எழுத்துப் படிக்காத நம் உம்மம்மா அதனைச் சரளமாக ஓதுவார்கள். உளூவின் சட்டமும் நோன்பின் சட்டமும் அவர்கள் கற்றது அவ்வெழுத்தின் வழியேதான். எந்த மன்னரும் அதற்குப் பொன் கொடுக்கவில்லை. எந்த அரண்மனைக் கூரையிலும் அது எழுதப்படவில்லை. அடுக்களைத் திண்ணையில் அது வாழ்ந்தது.

பலெர்மோவில் அரபி இன்று எங்கே வாழ்கிறது என்று அதன்பின் தேடலானோம். பல்லாரோ சந்தையில் அதற்கு விடை கிடைத்தது. ரொட்டியில் தூவும் எள்ளை அங்கே ஜுஜுலேனா என்கிறார்கள், அரபியின் ஜுல்ஜுலான். ஒருவகைத் திராட்சை ஸிபிப்போ, அது ஸபீப். எலுமிச்சை, கிச்சிலி மரங்களின் பூ ஸாகரா, அது ஸஹ்ர். தோட்டத்து நீர்த்தொட்டி ஜெப்பியா; அது ஜாபியா. கால் ஊனமுற்ற நாயொன்று கடைவரிசையில் நொண்டிச் செல்லக் கண்ட கிழவி ஒருத்தி 'மிஸ்கீனு' என்று உச்சுக் கொட்டினாள். நம் ஊரில் ஏழை எளியவரை மிஸ்கீன் என்கிறோமே, அதே சொல். சுல்தான், அமீர், வஸீர் என்ற சொற்கள் அவள் நாவில் இல்லை. எள்ளும் திராட்சையும் பூவும் நீர்த்தொட்டியும் இரக்கமும் அவள் நாவில் இருந்தன. அவற்றைப் பேசியவர் யார் என்று அறியாமலே எண்ணூறு ஆண்டுகளாக அவள் முன்னோர் அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள்.

அச்சந்தைக்கு அருகே ஒரு மளிகைக் கடையின் பலகையில் தமிழ் எழுத்தைக் கண்டு நின்றோம். பலெர்மோவில் இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். 1980-களில் தொடங்கி, போரினால் பெயர்ந்து வந்தவர்கள். நகரின் காவல் புனிதையான ரொஸாலியாவின் மலைக்கோயிலுக்குக் கிறித்தவத் தமிழர் மட்டுமன்றி இந்துத் தமிழரும் ஞாயிறுதோறும் ஏறிச் செல்வது ஊரறிந்த செய்தி. கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா தமிழோ?" என்றார். ஆம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "நான் யாழ்ப்பாணம், ஐயா. இஞ்ச வந்து இருபத்தேழு வருசம்" என்று சொல்லி, முக்காலி போட்டு உட்கார வைத்துத் தேநீர் தருவித்தார். எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். லூச்செராவுக்குப் பெயர்க்கப்பட்ட மக்களின் கதையைச் சுருக்கமாகச் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கட ஊரிலயும் அப்பிடி நடந்தது, ஐயா. தொண்ணூறாம் ஆண்டு சோனகத் தெருச் சனத்தை ஒரே நாளில வெளிக்கிடச் சொல்லிப் போட்டினம். என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன் புத்தகப் பையும் இல்லாமப் போனான். எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. அவன்ர கணக்குக் கொப்பி கனகாலம் என்னட்டை இருந்தது" என்றார். 1990 அக்டோபரில் வட இலங்கை முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட நிகழ்ச்சியை அவர் குறித்தார். சில ஆண்டுகளில் அவரும் ஊர் இழந்து இத்தீவுக்கு வந்து சேர்ந்தார். அவர் நம்மிடம் எந்த விளக்கமும் கூறவில்லை, நாமும் கேட்கவில்லை. "அல்லாஹ் எல்லோருக்கும் நல்லது செய்யட்டும், தம்பி" என்று மட்டும் சொன்னோம்.

கடையின் உட்புறத்தில் பத்து வயது மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, ஐயாவுக்கு வணக்கம் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்கு இத்தாலிய மொழியில் விடை சொன்னாள். அவள் குறிப்பேடு ஒன்றைத் தந்தை நமக்குக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மா தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கும் பாட்டுகளை அவள் அதில் எழுதி வைத்திருக்கிறாள். மொழி தமிழ், எழுத்து இலத்தீன். வார இறுதி வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்று வருகிறாள், ஆனால் அம்மம்மா பாடும் வேகத்துக்கு இன்னும் கை ஓடவில்லை என்றார். முதல் நாள் ஸீஸா மாளிகையில் கண்ட கல்லும் இந்தக் குறிப்பேடும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. மொழி தன்னைக் காத்துக்கொள்ளக் கிடைத்த எழுத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் பற்றிக்கொள்ள மறுமுனையில் ஓர் அம்மம்மா இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பழைய நகரின் பள்ளிவாசலுக்குச் சென்றோம். தோட்டக்காரர்களின் தேவாலயமாக முன்பு விளங்கிய கட்டடம் அது. 1990-இல் முஸ்லிம்களின் தொழுகைக்கென அளிக்கப்பட்டது. துனீசியர் பொறுப்பில் நடந்து வருகிறது. முந்நூறு பள்ளிவாசல்கள் இருந்த நகரில் இவ்வொன்றுக்குள் நெருக்கியடித்து நின்றோம். துனீசியரும் வங்காளத்தவரும் ஆப்பிரிக்கரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றனர். தொழுகை முடிந்து வெளிவரும்போது ஒரு துனீசியத் தந்தை, தன் சிறுமகனின் விரலைப் பிடித்து, சுவரில் மாட்டியிருந்த அறிவிப்பின் அரபி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் 'ஜீம்' என்ற எழுத்தில் தவறினான். தந்தை சிரித்து மறுபடி சொன்னார். அரண்மனைக் கூரையின் அழகைக் காட்டிலும் அக்காட்சி நம் கண்ணுக்கு இனிதாக இருந்தது. இப்னு ஹவ்கல் எள்ளிய கூட்டத்தில் அத்தந்தையும் ஒருவர்; நாமும் ஒருவர்.

நான்கு நாள்களில் பலெர்மோவில் நாம் செலவிட்டது, இரயில் கட்டணம் நீங்கலாக, இருநூறு யூரோவுக்குள். செல்வம் இல்லாதோரும் செல்லத்தக்க ஊர் அது. செல்லும் வாய்ப்புள்ளோர் சென்று, தூணைத் தொட்டுப் பார்த்து, இப்னு ஜுபைர் அவர்களின் நூலையும் கையில் கொண்டு நடக்கட்டும். ஆனால் அங்கே சென்று, இழந்த ஆட்சியை எண்ணிப் பெருமூச்செறிந்து திரும்புவோர் பாதியைத்தான் கண்டவராவர். ஆட்சி போன பின்னும் நூறாண்டுக்கு மேல் அம்மக்களின் மொழியும் மார்க்கமும் நின்றன. பிள்ளைகளும் ஓதிக்கொடுப்போரும் ஒரே தெருவில் இருந்தவரை அவை நின்றன. அத்தெருவே பெயர்க்கப்பட்ட பிறகு, பொன்னெழுத்துப் பொறித்த கூரையால் ஒரு குழந்தைக்குக்கூட ஓதிக்கொடுக்க இயலவில்லை.

நம் தெருக்கள் அல்லாஹ்வின் அருளால் நம்மிடமே இருக்கின்றன. நம் வீட்டுப் பரண்களில் அரபுத்தமிழ்க் கிதாபுகள் துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஊருக்கு நாலைந்து பேரேனும் இன்னும் இருக்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகளோ கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அதற்காக அவர்களைக் கடிந்து பயனில்லை. எழுத்து எதுவாயினும் மொழியை விடாத அந்தக் குணம் நம் முன்னோரின் குணமே. அப்பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து, இன்னொரு எழுத்தும் உனக்கு உண்டு என்று காட்டுவது மூத்தோர் கடன். நம் இல்லத்தில் இஷாவுக்குப் பின் நாளொரு பக்கமாக 'மகானி' ஓதப்படுகிறது. பேத்தி ஒருத்தி ழகரக் குறியை அடையாளம் கண்டுகொள்கிறாள். பேரன் இன்னும் டகரத்தில் தடுமாறுகிறான். வாசகர் இல்லங்களிலும் கிதாபு இருக்குமாயின் பரணிலிருந்து இறக்குங்கள். படிக்கத் தெரிந்த பெரியவர் அடுத்த தெருவில் இருப்பாராயின், அவர் இருக்கும்போதே பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள்.